ஆட்டு விலையில் ஒரு ஐஷேடோ பெட்டி

அல்மாட்டி
மார்ச் 11

பிபிகுலுக்கு,

நீ அனுப்பிய பை வந்து சேர்ந்தது. ரயில் நடத்துநர் பெண் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்துவிட்டு, "இறைச்சி மேல இருக்கு, சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று எனக்கே பாடம் சொல்லிவிட்டுப் போனாள். குதிரை இறைச்சி நன்றாக உலர்ந்திருக்கிறது. தயிர் உருண்டையில் உப்பு தூக்கல். அக்டோபரிலிருந்து நாம் பேசுவதில்லை, ஆனால் மாதம் தவறாமல் பை மட்டும் வருகிறது. பையை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதால் தேயிலையும் மிட்டாயும் வைத்திருக்கிறேன், கூடவே இந்தக் கடிதம். போன் செய்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் வைத்துவிடுவேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஊரே படிக்கும்.

விஷயம் சின்னது. ஒரு ஐஷேடோ பெட்டி வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கையகலப் பெட்டி, ஒன்பது நிறம், பிரெஞ்சுக்காரர்கள் செய்தது. பெரிய கடையில் கண்ணாடிக்குள் வைத்து விற்கிறார்கள். விலை எழுபத்திரண்டாயிரம் தெங்கே. நீ எதையும் ஆட்டுக் கணக்கில்தான் பார்ப்பாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆடு. பெரிய ஆடு அல்ல.

ஆசை வந்த கதை இது. போன மாதம் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஒரு அம்மாளைப் படுக்க வைத்திருந்தோம். மயக்க மருந்து நர்ஸ் தலைமாட்டில்தான் நிற்பாள். தொப்பி, முகமூடி, நடுவில் கண் மட்டும் தெரியும். நான் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வீட்ல யாரு செத்துட்டா?" என்று கேட்டாள். "யாரும் இல்லம்மா. பத்து வரைக்கும் எண்ணுங்க" என்றேன். நாலிலேயே தூங்கிப்போனாள். நான்தான் அன்று முழுக்கக் கழுவுமிடத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

உன் அண்ணன் எர்சாயின் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆண்டு விருந்தும் கொடுத்தாயிற்று. துக்கம் இன்றோடு முடிந்தது என்று முல்லா சொன்னார், பெரியவர்களும் சொன்னார்கள். என் கண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த விருந்துக்கு நான் இமையில் லேசாகப் பழுப்பு பூசிக்கொண்டு வந்தேன். பெண்கள் எல்லோரும் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, நீ சத்தமாகக் கேட்டாய்: "யாரப் புடிக்க அண்ணி இந்தக் கண்ணு?" இந்த முறை யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். அனுமதி கேட்கவில்லை.

உன் மகள் அக்மரால் விடுதியில் நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். இளைக்கவில்லை.

ஷினார்


கஸாலி
மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

"பிபிகுலுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். நீங்கள் மருமகளாக எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து என் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. புருஷன் வீட்டுப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் எனக்கு நீங்களே "வானம்பாடி" என்று பெயர் வைத்தீர்கள், நான் வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று. இத்தனை வருஷம் கழித்து இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைக் கூப்பிடுகிற மாதிரிப் பெயரைச் சொல்கிறீர்கள். என் வீட்டுக்காரர் துய்செனிடம் காட்டினேன். "பேரத்தான எழுதியிருக்காங்க, திட்டலையே" என்கிறார். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன் என்று இந்த மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது?

அப்புறம், ஆட்டு விலைக்கு ஐஷேடோ! ஒரு ஆட்டை அறுத்தால் ஒரு தெருவே சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகும். அந்தப் பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும், ஒன்பது சிட்டிகைப் பொடி. ஒரு தும்மல் போட்டால் அரை ஆடு காற்றோடு போய்விடும்.

நான் கேட்டது தப்பாகவே இருக்கட்டும். ஒரு வார்த்தைதான் கேட்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? பெரியவர்கள் ஆசீர்வாதம் சொல்லக் கை ஏந்தும்போது விரிப்பை விட்டு எழுந்து போனீர்கள். என் அண்ணன் பெயரால் போட்ட விருந்தில், அவன் மனைவியே ஆசீர்வாதத்துக்குக் கை ஏந்தவில்லை. நான் பேசியது அன்று மாலையே மறந்துவிட்டது. நீங்கள் எழுந்து போனதை இன்றும் ரொட்டி வாங்கப் போகிற இடத்தில் பேசுகிறார்கள்.

அனுமதி கேட்கவில்லையென்றால் எதற்கு எனக்கு எழுதினீர்கள்? அதையும் சொல்லிவிடுங்கள்.

அக்மராலைப் பெண்ணனுப்பும் விருந்து ஜூன் பதினைந்தாம் தேதி என்று முடிவாகிவிட்டது. பையன் வீட்டார் கிசிலோர்தாக்காரர்கள். வந்தால் முதலில் தாய்மாமன் வீட்டு இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். அங்கே உட்கார உங்களை விட்டால் ஆள் கிடையாது. அந்த இடத்தில் நீங்கள் எந்தக் கண்ணோடு உட்காரப் போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தயிர் உருண்டையில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

பிபிகுல்


அல்மாட்டி
ஏப்ரல் 8

பிபிகுலுக்கு,

எழுந்து போனது தப்புதான். ஆனால் இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் கையிலிருந்த தேநீரை உன் தலையில் கொட்டியிருப்பேன். எது பெரிய தப்பு என்று நீயே பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடைக்குப் போனேன். விற்கிற பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. தூரத்திலேயே பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டாள்.

"அக்கா, இன்னைக்காவது போட்டுப் பாருங்க. காசு கேக்க மாட்டேன்."

"என் கண்ணு சின்னது. இது அந்த ஊருக்காரிங்க கண்ணுக்குச் செஞ்சது."

"எங்கிட்ட வர்ற எல்லாருக்கும் இந்தக் கண்ணுதான். பிரெஞ்சுக்காரி மட்டும்தான் போடணும்னா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஈரமான மண் நிறத்தில் ஒன்று, பழுத்த பிளம் நிறத்தில் ஒன்று. இடது கண்ணை முடித்தாள். அப்போது நரித்தோல் கோட் போட்ட ஒருத்தி வந்து நிறைய சாமான் கேட்டாள். இந்தப் பெண் "ஒரு நிமிஷம் அக்கா" என்று போனவள் போனவள்தான். நான் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன், ஒரு கண்ணோடு. எழுந்து போவது எனக்குப் பழகிவிட்டது என்று நீ சொல்வாய்.

பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெரியவர். என்னைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார். இறங்கும்போது குனிந்து, "மகளே, வீட்ல யாராவது அடிக்கிறாங்களா? சொல்லு, என் மருமகன் போலீஸ்லதான் இருக்கான்" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை.

வீட்டில் இரண்டு கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்த்தேன். பூசிய கண் இளமையாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படித் தெரியவில்லை. விழித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். மற்றது பழைய கண்.

பெட்டியை வாங்கவில்லை. ஆட்டு விலை என்பதால் அல்ல. கொடுக்க முடியும், குளிர்காலத்துக்கு வேறு பூட்ஸ் வாங்காமல் இருந்தால் போதும். யாருக்காக என்று நீ கேட்டாய் அல்லவா? கடையில் பணப்பையைத் திறந்தபோது அது ஞாபகம் வந்தது, என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கு எதற்கு எழுதினேன் என்றும் கேட்டிருந்தாய். அதற்கும் தெரியவில்லை. எழுத வேறு யாரும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

விருந்துக்கு வருகிறேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஷினார்


கஸாலி
ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தப் பெரியவர் கதையைப் படித்துவிட்டு துய்சென் தேநீரை மூக்கு வழியாக விட்டுவிட்டார். "எர்சாயின் இருந்திருந்தா அந்தப் பெரியவரோட சண்டைக்குப் போயிருப்பான், போலீஸ் மருமகன் உண்மையாவே வந்திருப்பான்" என்றார். பிறகு அவரே எழுந்து ஆட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார்.

இங்கே ஆடுகள் குட்டி போடுகிற காலம். வீட்டுக்குள்ளேயே நாலு குட்டி. தாய் செத்துப்போன ஒன்றுக்கு நான்தான் பாட்டிலில் பால் புகட்டுகிறேன். இதற்கு நடுவில் அக்மராலுக்கு மெத்தை தைக்க வேண்டும், போர்வை தைக்க வேண்டும். என் விரல் எல்லாம் ஊசிக் குத்து.

உங்கள் பிரச்சினையை நான் தீர்த்துவிட்டேன். கிசிலோர்தா பஸாருக்குத் துணி வாங்கப் போனபோது ஐஷேடோ பெட்டி கண்ணில் பட்டது. உங்களுடையதில் ஒன்பது நிறம்தானே? இதில் நாற்பத்தெட்டு! கண்ணாடி உண்டு, குச்சி உண்டு. விலை இரண்டு பொட்டலம் தேயிலை. விற்கிறவளிடம் "நல்லதுதானா?" என்று கேட்டேன். "என் பொண்ணு போட்டுக்கிட்டுத்தான் கல்யாணமே ஆச்சு" என்றாள். பைக்குள் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பூசிக்கொள்ளுங்கள், நோயாளிகள் பயப்படாமல் சாகட்டும். யாருக்காக என்று கேட்க வேண்டிய விலையும் இல்லை இது.

உண்மையைச் சொல்லட்டுமா? வேலைக்காகத்தான் என்றால் எனக்கு ஒன்றுமில்லை. அதற்கு இது போதும். இதற்கு மேல் விலை கொடுத்து ஒருத்தி கண்ணுக்குப் பூசுகிறாள் என்றால், அதைப் பார்க்க ஒருத்தன் இருக்கிறான் என்றுதான் என் புத்திக்குத் தோன்றுகிறது. என் புத்தி அவ்வளவுதான்.

பிபிகுல்


அல்மாட்டி
மே 6

பிபிகுலுக்கு,

உன் பெட்டிக்கு நன்றி. நாற்பத்தெட்டில் நான் தொட்டது ஒரே ஒரு நிறம், சாம்பல். மறுநாள் காலையில் இரண்டு இமையும் எண்ணெயில் போட்ட மாவு உருண்டை மாதிரி உப்பிவிட்டன. அப்படியே வேலைக்குப் போனேன். மயக்க மருந்து டாக்டர் ஒருமுறை பார்த்தார். "ஷினார், நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. உங்களப் பாத்தா எனக்கே நாடி ஏறுது" என்றார். மூன்று நாள் விடுப்பு.

வீங்கிய கண்ணோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது: பதில் கிடைத்த பிறகுதான் வாங்க வேண்டும் என்றால் நான் சாகிற வரைக்கும் வாங்க மாட்டேன். வீக்கம் வடிந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். அந்தப் பெண் இல்லை, வேறு ஒருவன் இருந்தான். "பரிசாக் கட்டணுமா?" என்றான். வேண்டாம் என்றேன். வாங்கிவிட்டேன்.

இரண்டு நாள் பூசினேன். முதல் நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒரு லாரி டிரைவர் படுத்துக்கொண்டே, "சிஸ்டர் கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்காங்க. அப்ப நான் பொழச்சுக்குவேன்" என்றான். பிழைத்துக்கொண்டான். அதில் பெட்டிக்குப் பங்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. அலமாரிக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, நான் இந்த வீட்டு ஜியென். எனக்கு இது வேணும்."

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுப் பெண் பெற்ற பிள்ளை ஜியென். ஜியென் வாய்விட்டுக் கேட்டதை மாமன் வீடு இல்லை என்று சொல்வதில்லை. சின்ன வயதில் உன் அண்ணனிடம் சேணத்தோடு குதிரைக்குட்டி கேட்டு வாங்கிப் போனவள்தான். அன்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"வேற எதாவது எடுத்துக்கோடி. கம்பளத்த எடுத்துக்கோ. டிவிய எடுத்துக்கோ."

"இல்ல அத்தை. இதுதான்."

"உனக்கு இந்த நிறம் பொருந்தாது."

"தெரியும்."

தெரியும் என்றாள், பிபிகுல். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கொடுத்துவிட்டேன். தேநீர் ஊற்றினேன், குடிக்காமல் போய்விட்டாள்.

நேராகக் கேட்கிறேன். நீ சொல்லிக் கொடுத்ததா?

ஷினார்


கஸாலி
மே 18

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பெட்டி வாங்கியதை நீங்கள் அக்மராலிடம் போனில் சொல்லியிருக்கிறீர்கள், அவள் என்னிடம் சொன்னாள். அவள் மாட்டேன் என்று அழுதாள், நான் விடவில்லை. இப்போது என்ன?

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. விடுமுறைக்கு வந்தபோது அக்மரால் என் மடியில் போட்டுவிட்டு, "இந்தா, உன் சாமான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திறந்து பார்த்தேன். ஒன்பதில் இரண்டு நிறத்தில் மட்டும் உங்கள் விரல் பட்ட பள்ளம் இருந்தது. மூடி, துணியில் சுற்றி, அவள் சீர்ப் பெட்டகத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். திருப்பித் தர மாட்டேன். ஜியென் எடுத்ததைத் திருப்பித் தருகிற வழக்கமும் இல்லை.

இப்போது நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் படியுங்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பது ஒரு வசதி.

எங்கள் தெருக்கோடியில் குலாஷ் இருந்தாளே, கணவன் போன பிறகு அக்டோபே பக்கம் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் போனதில் எனக்கு ஒன்றுமில்லை. செத்துப்போன கணவனின் தங்கை, பாவம், பழைய ஞாபகத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி அவளைப் பார்க்கப் போனாள். கதவைத் திறந்தது புது ஆள். "யாரும்மா வேணும்?" என்று கேட்டிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குத் தெரியாது. இவளுக்குத்தான் தான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிட்டாள். என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துதான் அழுதாள்.

எனக்கு அப்பா அம்மா போய் வெகு காலம். அண்ணனும் போய்விட்டான். உங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் இருப்பது நீங்கள் ஒருத்திதான் அண்ணி. மாதா மாதம் பை அனுப்புகிறேனே, அது இறைச்சி இல்லை. அந்தப் பையை இறக்கி வைக்க எனக்கு ஒரு வாசல் இருக்கிறது என்று எனக்கே காட்டிக்கொள்வது.

நீங்கள் கண்ணுக்குப் பூசிக்கொண்டு வந்த அன்று அழகாக இருந்தீர்கள். அதனால்தான் அப்படிக் கேட்டேன். அசிங்கமாக இருந்திருந்தால் எனக்கென்ன பயம்?

பிபிகுல்


அல்மாட்டி
மே 27

வானம்பாடிக்கு,

குறுக்கே பேசாமல் படித்தேன்.

ஆள் யாரும் இல்லை. இருந்தால் அதையும் முதலில் உனக்குத்தான் எழுதியிருப்பேன். ஆனால் நாளைக்கும் யாரும் வரமாட்டார்கள் என்று உனக்குச் சத்தியம் செய்து தர மாட்டேன். அப்படிச் செய்தால் அது பொய்யாகலாம். பொய்யாகாவிட்டால் இன்னும் மோசம், உனக்காக நான் ஒரு வீட்டைப் பூட்டிக் காவல் காக்கிற மாதிரி ஆகிவிடும். எனக்கு அதில் விருப்பம் இல்லை.

கோபமாக இருக்கிறேன். பெட்டிக்காக அல்ல. ஜியென் கேட்பது பிள்ளைகள் மாமன் வீட்டில் செல்லம் கொண்டாட வைத்த வழக்கம். அதை நம் சண்டைக்குக் கத்தியாக்கி அந்தப் பெண் கையில் கொடுத்து அனுப்பினாய். குதிரைக்குட்டி வாங்கிப் போனவள் அன்று என் வீட்டில் ஒரு வாய் தேநீர் குடிக்கவில்லை. அதை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். எவ்வளவு என்று கேட்காதே.

நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. எனக்கும் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, விடுதியில் வளர்ந்தவள். மருமகளாக வந்தபோதுதான் முதல் தடவையாக ஒருத்தி என் தலைமுடியை இழுத்துக்கொண்டு சண்டை போட்டாள், அது நீ. பிறந்த வீடு இல்லாமல் இருப்பது எப்படி என்று என்னிடம் சொல்லாதே.

இன்னொரு பெட்டி வாங்கப் போவதில்லை. அதற்கு மனமும் இல்லை, பணமும் இல்லை. விருந்துக்கு வெறும் கண்ணோடு வருகிறேன். நீ நினைத்தபடியே.

ஷினார்


கஸாலி
ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

பெண்ணை அனுப்பிவிட்ட வீடு. பெரிய பானைகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. பேச ஆள் இல்லாமல் ஆட்டுக்குட்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் வந்து மாமன் வீட்டு இடத்தில் வெள்ளை முக்காட்டோடு உட்கார்ந்தீர்கள். கண்ணில் ஒன்றும் இல்லை. என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசீர்வாதத்துக்கு எல்லோருக்கும் முன்னால் கை ஏந்தினீர்கள். சம்பந்தியம்மா என் காதில், "உங்க அண்ணி ரொம்ப அடக்கம்" என்றாள். நான் நினைத்ததெல்லாம் நடந்தது, ஒரு கவளம் கூட உள்ளே இறங்கவில்லை.

இப்போது வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு நாளாகச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வந்திருந்தார், ஒராஸ்பெக். கிசிலோர்தா ரயில்வேயில் வேலை. மனைவி போய் நாலு வருஷம். உயரமானவர், காது கொஞ்சம் பெரிது. வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாமன் வீட்டு இடத்துல ஒருத்தங்க இருந்தாங்களே. பொண்ணு பிரியாவிடைப் பாட்டுப் பாடினப்ப எல்லாரும் அழுதாங்க, நானும் அழுதேன். அவங்க மட்டும் கீழ உக்காந்து பொண்ணோட செருப்பு வார மாட்டிவிட்டுக்கிட்டு இருந்தாங்க. இல்லன்னா அது படியில விழுந்திருக்கும். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"சரி, அதுக்கென்ன?" என்றேன்.

"இறந்தவர் வீட்டுல நீங்கதான் இருக்கீங்கன்னு சொன்னாங்க. உங்ககிட்ட கேக்காம அவங்ககிட்ட பேசறது மரியாதை இல்ல."

அவர் போன பிறகு துய்சென் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பொட்டிய பூட்டி வச்சியே, அவன் செருப்பு வாரப் பாத்துட்டு வந்து நிக்கிறான்!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் அழுததைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்.

நேற்று ஒராஸ்பெக்குக்குப் போன் செய்து சொன்னேன். "பதில் சொல்ல வேண்டியது அவங்க, நான் இல்ல. ஆனா ஒண்ணு. அவங்க சரின்னு சொன்னா நீங்க அல்மாட்டிக்குப் போய்க் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. எங்க வீட்டுக்கு வரணும். இந்த வாசல்லேந்து, என் பொண்ண அனுப்பின மாதிரி, மெத்தை போர்வையோட நான் அனுப்புவேன். அவங்களுக்குப் பொறந்த வீடு நாங்கதான்." அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, சம்பந்தி" என்றார். அக்மராலுக்காக இல்லை, உங்களுக்காக என்னைச் சம்பந்தி என்றார், அண்ணி.

குலாஷ் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றவளுக்கு இது தோன்றவில்லை. எனக்கும் நேற்றுதான் தோன்றியது. நீங்கள் என் பிறந்த வீடாக இருக்க முடியாமல் போனாலும் நான் உங்களுக்கு ஆகலாமே. அப்போது நீங்கள் எங்கே போனாலும் என்னிடம் வந்துதானே ஆக வேண்டும்?

பெட்டியை இந்தப் பையில் வைக்கலாம் என்று எடுத்தேன். நடத்துநர் பெண் பையை உருட்டுவாள், பொடி உடைந்துவிடும் என்று எடுத்து வைத்துவிட்டேன். பொய். அனுப்ப மனசு வரவில்லை. ஜியென் எடுத்ததைத் திருப்பினால் நல்லதில்லை என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

உங்கள் வானம்பாடி


அல்மாட்டி
ஜூலை 5

வானம்பாடிக்கு,

கடிதத்தை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை படித்தேன், வீட்டில் ஒரு தடவை. அழவில்லை என்றுதான் எழுத நினைத்தேன். அழுதேன்.

ஒராஸ்பெக் என்பவரின் முகம் எனக்கு நினைவில்லை. காதை மட்டும் பார்த்த மாதிரி இருக்கிறது. என்னிடம் இப்போது பதில் கிடையாது. ஒரு பெட்டி வாங்கவே இவ்வளவு யோசித்தவள், ஒரு ஆளுக்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வாள் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். அவசரம் என்றால் வேறு இடம் பார்க்கச் சொல். அவசரம் இல்லை என்றால், தொப்பியை இன்னும் கொஞ்ச நாள் கையிலேயே வைத்திருக்கச் சொல்.

அக்மரால் புகுந்த வீட்டிலிருந்து போன் செய்தாள். அரை மணி நேரம் பேசினாள். பெட்டியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வைப்பதற்கு முன், "அத்தை, உங்க தேநீர் குடிக்கணும் போல இருக்கு" என்றாள். அதோடு அந்தக் கோபம் போய்விட்டது.

பெட்டியை அனுப்ப வேண்டாம். திருப்பித் தரவும் வேண்டாம். ஆகஸ்டில் எனக்கு விடுப்பு இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு எப்படி வருவாள் என்று உனக்குத் தெரியும், எங்களிடமிருந்து எத்தனை தடவை மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறாய்! வெறுங்கையோடு வருவாள், வெயில் ஏறும் வரை தூங்குவாள், கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்வாள், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நானும் அப்படித்தான் வரப்போகிறேன். எனக்கு இது முதல் தடவை என்பதால் முறை எல்லாம் சரியாகத் தெரியாது, தப்பு செய்தால் பொறுத்துக்கொள்.

பன்னிரண்டாம் தேதி விடியற்காலை ரயில். துய்செனிடம் சொல்லி வை, வீட்டுப் பெண் வருகிறாள் என்று.

ஷினார்